கால் ஆறிவிட்டது என்றார்கள்

இவ்வாண்டு நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களுக்கு ஓய்வே இல்லை. கிளாஸ்கோவில் காமன்வெல்த் போட்டி, சிலாங்கூரில் சுக்மா, ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இவை முடிந்து மூச்சு விடுவதற்குள் 2027 சீ விளையாட்டுப் போட்டி நம் நாட்டுக்கே வருகிறது. எங்கு பார்த்தாலும் பதக்க இலக்குப் பேச்சுதான். எந்த விளையாட்டில் எத்தனை தங்கம், யார் நம்பிக்கை நட்சத்திரம் என்று கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்குகளுக்கு நடுவே ஒரு சிறிய வரி அடிக்கடி வந்து போகும்: காயம் காரணமாக இன்னார் விலகினார். அந்த வரியோடு அந்தப் பெயர் மறைந்துவிடும். அவர் திரும்பி வந்தால் மீண்டும் செய்தி. இடையில் கிடக்கும் எட்டு மாதமோ, பத்து மாதமோ, ஒன்றரை ஆண்டோ யாருடைய கணக்கிலும் சேர்வதில்லை.

அந்த இடைவெளியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். நான் உளவியல் மாணவி இல்லை. பல்கலைக்கழகத்தில் கணக்கியல், முதலாண்டு. விளையாட்டு உளவியலை ஒரு விருப்பப் பாடமாக எடுத்தேன். உண்மையைச் சொன்னால், அது என் நேர அட்டவணைக்குப் பொருந்தியதால் எடுத்தேன். மூன்றாவது வார விரிவுரையில் திரையில் ஒரு கேள்வித்தாள் வந்தது. முழங்கால் தசைநார் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட விளையாட்டாளர்களிடம் கேட்பதற்காக 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உருவாக்கிய பன்னிரண்டு கேள்விகள். மீண்டும் அடிபடும் என்று பயப்படுகிறீர்களா, விளையாடும்போது முட்டியை நினைக்காமல் இருக்க முடிகிறதா, உங்கள் முட்டி தாங்கும் என்று நம்புகிறீர்களா என்று போகிறது. குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. அந்தக் கேள்வித்தாள் வெளிவந்தபோது எனக்கு இரண்டு வயது. நான் சிகிச்சையில் இருந்த மாதங்களில் ஒருவர்கூட அதிலிருந்து ஒரு கேள்வியை என்னிடம் கேட்டதில்லை.

2023-இல் நான் ஐந்தாம் படிவம். பள்ளி வலைப்பந்து அணியில் நடு ஆட்டக்காரி, மாவட்ட அணியிலும் இடம் கிடைத்திருந்தது. மாநில அணிக்கான தேர்வு ஆட்டம் அன்று. வலைப்பந்து ஆடியவர்களுக்குத் தெரியும், பந்து கைக்கு வந்தபின் ஓட முடியாது. முழு வேகத்தில் வந்து, தாவிப் பிடித்து, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். அந்தத் திடீர் நிறுத்தம்தான் முழங்காலுக்கு எமன். யாரும் என்னைத் தொடவில்லை. வலது காலில் இறங்கினேன். உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. உள்ளே ஏதோ 'டப்' என்றது. தரையில் கிடந்தபடி நான் முதலில் கேட்டது, "பால் யாருக்கு?" என்பதுதான்.

ஏசிஎல் என்று சொல்லப்படும் முழங்காலின் உட்புறத் தசைநார் அறுந்திருந்தது. எம்ஆர்ஐ-க்குக் காத்திருந்து, அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்து, பிறகு பிசியோ. ஊன்றுகோலுடன் எஸ்பிஎம் மாதிரித் தேர்வு எழுதினேன். சிகிச்சைக்குப் பின் சுமார் ஒன்பது மாதம் கழித்து, மெட்ரிகுலேஷனில் சேர்ந்த புதிதில், கடைசிப் பரிசோதனை. ஒற்றைக் காலில் தாவச் சொன்னார்கள். இடது கால் தாவும் தூரத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் வலது காலும் தாவியது. "கால் ஆறிவிட்டது. இனி தாராளமாக விளையாடலாம்," என்றார்கள். அம்மா கைகூப்பி நன்றி சொன்னார்.

நான் இன்றுவரை ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

கேட்டவர்களிடமெல்லாம் "பாடம் அதிகம்" என்று சொல்லி வந்தேன். மெட்ரிகுலேஷனில் ஓர் அணி இருந்தது. ஒருமுறை காலணியோடு திடல் ஓரம்வரை போனேன். ஒருத்தி தாவிப் பந்தைப் பிடித்து இறங்கினாள். அவள் காலைப் பார்த்ததும் என் வயிறு புரண்டது. காலணிக் கயிற்றைக் கட்டாமலே விடுதிக்குத் திரும்பினேன்.

என் கதை விதிவிலக்கு என்றுதான் இரண்டு ஆண்டுகள் நினைத்திருந்தேன். கோழைத்தனம் என்றும் நினைத்தேன். பிறகு 2014-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வைப் படித்தேன். கிளேர் ஆர்டெர்ன் என்ற ஆய்வாளரின் குழு, ஏசிஎல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. 81 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் 65 விழுக்காடு. போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55 விழுக்காடுதான். ஏறக்குறைய இரண்டில் ஒருவர் போட்டிக்குத் திரும்பவில்லை. இத்தனைக்கும் பெரும்பாலோரின் முழங்கால் பரிசோதனையில் நன்றாகவே இயங்குகிறது. திரும்பாததற்கு அவர்கள் சொல்லும் காரணங்களில் அடிக்கடி வருவது மறுபடியும் அடிபடுமோ என்ற பயம்.

கணக்கியல் மாணவியாகச் சொல்கிறேன், ஒரு நிறுவனத்தின் ஐந்தொகையில் இப்படி ஒரு வித்தியாசம் இருந்தால் தணிக்கையாளர் சும்மா விடமாட்டார். இங்கே 'கால் ஆறிவிட்டது' என்று ஒரு கையெழுத்தைப் போட்டுக் கோப்பை மூடிவிடுகிறோம்.

இதற்கு நம் நாட்டில் ஒரு தனிக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். நமக்குப் பிடித்த காயக் கதைகள் எல்லாமே எழுந்து நின்றவர்களின் கதைகள். 2011-இல் மான்செஸ்டரில் நடந்த உலகக் கிண்ண மிதிவண்டிப் பந்தயத்தில் அசிசுல்ஹஸ்னி அவாங் கெய்ரின் இறுதிச் சுற்றில் விழுந்தார். ஓடுதளத்து மரச் சிராய், ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர் நீளம், அவருடைய கெண்டைக்காலில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்திருந்தது. அதோடு எழுந்து வண்டியில் ஏறி மூன்றாவதாக வந்து முடித்தார். ரியோவில் வெண்கலம், 2017-இல் உலக வெற்றியாளர் பட்டம், தோக்கியோவில் வெள்ளி எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. லீ சொங் வெய் 2012 மே மாதம் வூஹானில் தாமஸ் கிண்ண ஆட்டத்தில் கணுக்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டு, ஆகஸ்ட் மாதம் லண்டனில் வெள்ளி வாங்கினார். எனக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது மட்டும் மங்கலாக ஞாபகம் இருக்கிறது.

அசிசுலின் காணொலியை எங்கள் பயிற்றுநர் கைப்பேசியில் காட்டினார். "கட்டையே குத்தியும் ஓட்டினாரு. உங்களுக்குக் கொஞ்சம் முட்டி வலிச்சா உட்கார்ந்துடுறீங்க. செமங்காட் வேணும்!" நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். அவர் கெட்டவர் இல்லை. எனக்காக மருத்துவமனைக்கு இரண்டு முறை வந்தவர். ஆனால் அந்தக் காணொலி சில நிமிடம்தான் ஓடும். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, எங்களுக்குக் கேட்கவும் தோன்றவில்லை. அடுத்த முறை அதே வேகத்தில், அதே நெரிசலில், பக்கத்து வண்டி உரசும் தூரத்தில் வந்தபோது அவருக்குள் என்ன ஓடியிருக்கும்? ஒரு பதினேழு வயது ஆட்டக்காரிக்குத் தெரிந்திருக்க வேண்டியது அந்தப் பகுதிதான் என்று இப்போது தோன்றுகிறது.

செமங்காட் என்ற சொல்லின் மீது எனக்குக் கோபம் இல்லை. அதை எப்போது பயன்படுத்துகிறோம் என்பதில்தான் சிக்கல். பயமாக இருக்கிறது என்று வாயெடுக்கும் நேரத்தில் 'தைரியமா இரு' என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. ஊக்கம் கொடுத்ததாக அவர் நினைப்பார். வாயை மூடிக்கொள்ளச் சொன்னதாக நமக்குக் கேட்கும்.

பயத்தைவிட எனக்குப் புரியாமல் இருந்தது இன்னொன்று. 1993-இல் பிரிட்டன் புரூவர் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் ஒருவர் தன்னை எந்த அளவுக்கு 'விளையாட்டாளர்' என்ற ஒற்றை அடையாளத்தோடு கட்டி வைத்திருக்கிறார் என்று அளக்க ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அந்த அடையாளம் வலுவாக இருப்பது பயிற்சிக்கு நல்லது. விடியற்காலையில் எழுப்பி விடுவதும் அதுதான், மழையில் ஓட வைப்பதும் அதுதான். அடிபட்டால் அதே அடையாளம் எதிரியாகிறது. இருந்த ஒரே தூண் சாய்ந்தால் கூரை எங்கே நிற்கும்? தன்னை வேறு எதுவாகவும் நினைத்துப் பழகாதவர்கள் காயத்துக்குப் பின் அதிகம் உடைந்துபோவது ஏன் என்று இதை வைத்துத்தான் விளக்குகிறார்கள்.

எங்கள் அணிக்கு ஒரு புலனக் குழு இருந்தது. என்னை யாரும் அதிலிருந்து நீக்கவில்லை. பயிற்சி எத்தனை மணிக்கு, பேருந்து எங்கே நிற்கும், மஞ்சள் சட்டையா சிவப்புச் சட்டையா என்று நாள் முழுக்கச் செய்தி வந்துகொண்டே இருக்கும். எதுவும் எனக்கானதில்லை. என் 'சி' பட்டையை நாலாம் படிவத் தோழி ஒருத்தி அணிந்து எடுத்த படம் வந்தபோது முதல் ஆளாக இதயச் சின்னம் போட்டவள் நான்தான். ஆறாவது வாரம் நானே குழுவிலிருந்து வெளியேறினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களும் சங்கடப்பட்டிருக்கலாம். பதினேழு வயதில் யாருக்கு என்ன சொல்லத் தெரியும்?

இந்த இடத்தில் பலரும் 'துயரத்தின் ஐந்து நிலைகள்' பற்றிச் சொல்வார்கள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி எழுதியது அது. பிறகு விளையாட்டுக் காயத்துக்கும் அதை அப்படியே எடுத்து ஒட்டினார்கள். எனக்கு இந்த ஐந்து படி ஏணி மேல் நம்பிக்கை இல்லை. ஆய்வாளர்களும் பின்னாளில் அதிலிருந்து விலகினார்கள். மனிதர்கள் அப்படி வரிசையாக ஏறுவதில்லை. 1998-இல் டயான் வீஸ்-பியோன்ஸ்டால் முதலானோர் முன்வைத்த விளக்கம் எனக்குப் பொருந்துகிறது. நடந்ததை நாம் எப்படிப் பொருள்கொள்கிறோம் என்பது நம் உணர்வை மாற்றுகிறது, உணர்வு நம் செயலை மாற்றுகிறது, செயல் மீண்டும் பொருளை மாற்றுகிறது என்கிறது அது. சக்கரம் மாதிரி, முன்னும் பின்னும் உருளும். செவ்வாய்க்கிழமை பிசியோவில் முட்டியை முழுக்க மடக்கிவிட்டு உலகை வென்ற மாதிரி வீட்டுக்கு வருவேன். புதன்கிழமை பள்ளித் திடலில் விசில் சத்தம் கேட்டதும் அன்று மாலைப் பயிற்சியைச் செய்யாமல் படுத்துவிடுவேன். பயிற்சி செய்யாததால் கால் இறுகும். கால் இறுகியதால், 'பார், இது சரியாகாது' என்று தோன்றும்.

காயத்துக்கு முன்பே மனம் இதில் நுழைந்துவிடுகிறது என்பதும் எனக்குப் புதிய செய்தி. மனவழுத்தம் கூடும்போது கவனம் குறுகுகிறது, தசைகள் இறுகுகின்றன, அதனால் காயப்படும் வாய்ப்பு உயர்கிறது என்று ஆண்டர்சனும் வில்லியம்சும் 1988-லேயே ஒரு விளக்கத்தைத் தந்திருக்கிறார்கள். என் தேர்வு ஆட்டத்துக்கு முந்திய இரவு நான் நான்கு மணி நேரம்தான் தூங்கினேன். காலையில் கூடுதல் கணிதத் தேர்வு, மாலையில் ஆட்டம். பல்கலைக்கழக நுழைவு மதிப்பீட்டில் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு. மாநில நிலை என்றால் மாவட்டத்தைவிட அதிகப் புள்ளி. அதைத்தான் திடலிலும் மனத்துக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். என் முட்டி அதனால்தான் போயிற்று என்று சொல்ல மாட்டேன். அதை யாராலும் நிரூபிக்க முடியாது.

பெண் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏசிஎல் காயம் பல மடங்கு அதிகம் ஏற்படுகிறது என்பது மருத்துவ உலகம் அறிந்தது. அது உடம்புக் கதை. வீட்டுக் கதை வேறு. என் அண்ணன் காற்பந்தில் கையை முறித்துக்கொண்டபோது வந்தவர்கள் எல்லாம், "சீக்கிரம் ஆறி வந்துடு தம்பி, டீம் காத்துக்கிட்டு இருக்கு," என்றார்கள். எனக்கு முட்டி போனபோது அதே மாமாக்களும் அத்தைகளும் சொன்னது, "போதும்மா, பொம்பளப் புள்ள. படிப்பப் பாரு." பாட்டி ஒருபடி மேலே போய், காலில் தழும்பு தெரியாமல் இருக்க என்ன தடவலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் அவர்களோடு சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஏனென்றால் அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. என் பயத்துக்குப் 'படிப்பு' என்று கௌரவமான ஒரு பெயர் கிடைத்தது. வீட்டில் என்னைப் பொறுப்பான பிள்ளை என்றார்கள். நானும் தலையாட்டிக்கொண்டேன்.

பெரிய அரங்குகளில் மட்டும் இதெல்லாம் வேறு மாதிரியா நடக்கிறது? 2024 பாரிஸ் ஒலிம்பிக் பூப்பந்து, பெண்கள் ஒற்றையர் ஆட்டங்களை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 4, அரையிறுதி. ஸ்பெயினின் கரோலினா மரின், சீனாவின் ஹெ பிங்ஜியாவோவுக்கு எதிராக முதல் ஆட்டத்தை 21-14 என்று வென்று, இரண்டாவதிலும் முன்னிலையில் இருந்தார். தாவி இறங்கிய வலது முட்டி மடங்கியது. 2019-இல் இந்தோனேசியாவில் சாய்னா நேவாலுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் போன அதே முட்டி. 2021-இல் இடது முட்டியும் போய், தோக்கியோ ஒலிம்பிக்கைத் தவறவிட்டவர் அவர். முட்டிக் கவசத்தைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்து இன்னும் ஓரிரு புள்ளி ஆடிப் பார்த்தார். முடியவில்லை. தரையில் மண்டியிட்டு அழுததை நம்மில் பலர் நேரலையில் பார்த்தோம். மறுநாள் பதக்க மேடையில் வெள்ளி வாங்கிய ஹெ பிங்ஜியாவோ, கையில் ஸ்பெயின் நாட்டின் சிறிய சின்னத்தைப் பிடித்திருந்தார். உலகமே நெகிழ்ந்தது.

அதே மேடையில், அதே நாளில் தங்கம் வாங்கியவர் தென் கொரியாவின் ஆன் சே யங். அவர் வென்ற கையோடு செய்தியாளர்களிடம் பேசியது அந்த நெகிழ்ச்சியில் பாதி மறைந்துபோனது என்று எனக்கு வருத்தம். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அவருக்கு முட்டியில் அடிபட்டது. அதோடு ஆடித் தங்கம் வென்றார். அந்தக் காயம் நினைத்ததைவிடக் கடுமையானது, தேசிய அணித் தரப்பு அதை மிக இலேசாக எடுத்துக்கொண்டது, அந்த ஏமாற்றத்தை மறக்க முடியவில்லை என்ற பொருளில் பேசினார். ஒலிம்பிக் தங்கம் கழுத்தில் தொங்கும்போது! கொரியாவில் அது பெரும் விவாதமாகி, அந்நாட்டு அமைச்சு சங்கத்தை விசாரிக்கும் அளவுக்குப் போனது.

எனக்கு உறைத்தது அவர் பேசிய நேரம். காயம் பட்டு பத்து மாதம் கழித்து, தங்கம் வென்ற பிறகு. காலிறுதியில் தோற்ற பிறகு இதையே சொல்லியிருந்தால்? சாக்குப்போக்கு என்றிருப்பார்கள். ஆக, காயத்தைப் பற்றி உண்மையைப் பேசும் உரிமைக்கும் ஒரு தகுதிச் சுற்று இருக்கிறது. நம் லீ ஸீ ஜியா அதே பாரிஸில் வெண்கலம் வாங்கினார். பிறகு வலது கணுக்கால் காயத்தால் 2025-இன் பெரும்பகுதியைப் போட்டிகளுக்கு வெளியே கழித்தார். அவரைப் பற்றிய செய்திகளின் கீழே நாம் எழுதியதைப் படித்திருப்பீர்கள். "எப்போது வருவார்?" என்று தொடங்கி "இனி அவ்வளவுதான்" என்பதுவரை. அவற்றில் ஒன்றிரண்டை நானும் எழுதியிருக்கிறேன். காலணிக் கயிற்றைக் கட்ட முடியாமல் திரும்பி வந்த நான்தான்.

தேசிய விளையாட்டாளர்களுக்காவது ஏதோ ஒரு கதவு திறந்திருக்கிறது. புக்கிட் ஜாலிலில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தில் விளையாட்டு உளவியல் வல்லுநர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதவுவரை போவதற்கு முன் மாவட்டம், மாநிலம் என்று நீண்ட வரிசை இருக்கிறதே, அதில் அடிபட்டு ஒதுங்குபவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குப் பெயர் கிடையாது. விலகினார் என்ற வரிகூடக் கிடையாது. பதக்க இலக்கு பற்றிப் பேசும்போது திறமையான இளையர்கள் போதவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம். இருந்தவர்களில் சிலரைத் திடலோரத்தில் தொலைத்துவிட்டோமா என்றும் ஒருமுறை தேடலாம்.

பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் இடைநிலைப்பள்ளிகளில் ஆலோசக ஆசிரியர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் அந்த அறைக்குப் போனவர்கள் இரண்டே வகை: மட்டம் போட்டவர்கள், மேற்படிப்புப் பாரம் நிரப்ப வந்தவர்கள். முட்டியில் கட்டுப் போட்டவளை அங்கே அனுப்பலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஆசிரியருக்கு விளையாட்டுக் காயம் பற்றி ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். பன்னிரண்டு கேள்விகளைத் தமிழிலோ மலாயிலோ அச்சடிக்க எத்தனை காசு ஆகும்? அணியில் இருந்து அடிபட்டவளைப் புள்ளி எழுதவோ, எதிரணியின் ஆட்டத்தைக் கவனித்துக் குறிப்பெடுக்கவோ உட்கார வைக்கலாம். அவளுக்கும் பேருந்தில் ஓர் இருக்கை இருக்கும், குழுவில் அவளுக்கென்று ஒரு செய்தி வரும். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆறாவது வாரத்தில் எனக்கு அது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பயத்தைத் துரத்திவிட்டு எல்லோரையும் சீக்கிரம் திடலுக்கு அனுப்புவது என் நோக்கம் இல்லை. நார்வேயில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏசிஎல் சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம்வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் காயப்படும் விகிதம் 51 விழுக்காடு குறைவதாகக் கண்டது. ஐந்தாவது மாதத்தில் 'எனக்குப் பயமே இல்லை' என்று துள்ளுகிறவளும் ஆபத்தில்தான் இருக்கிறாள். பயம் சில நேரம் காலைவிட நன்றாகக் கணக்குப் போடும். எது காவல் காக்கும் பயம், எது சிறை வைக்கும் பயம் என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. பக்கத்தில் ஒருவர் வேண்டும். எல்லோரும் திரும்பியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. விளையாட்டை விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விடுவதென்றால், தெரிந்து விட வேண்டும். நான் விட்டது அப்படி இல்லை.

போன மாதம் பழைய பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை புலனத்தில் செய்தி அனுப்பினாள். நான் ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது முதலாம் படிவத்தில் எங்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டவள். இப்போது நாலாம் படிவம். அவளுக்கும் அதே தசைநார், ஆனால் இடது கால். "அக்கா, டாக்டர் இன்னும் ரெண்டு மாசத்துல விளையாடலாம்னு சொல்லிட்டாரு. ஆனா" என்று எழுதியிருந்தாள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு ஒன்றுமில்லை. தட்டச்சு செய்வதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது.

வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அவளைப் பார்த்தேன். பள்ளித் திடலுக்குப் பக்கத்துச் சிமெண்டுப் படியில் உட்கார்ந்தோம். கேள்வித்தாளை நானே தமிழில் எழுதி இரண்டு பிரதி எடுத்துப் போயிருந்தேன். அவளுக்கு ஒன்று கொடுத்தேன். "நீங்களும் எழுதுங்கக்கா," என்றாள். எழுதினேன். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பூஜ்யம் முதல் நூறுவரை ஒரு கோடு. மனத்தில் படும் இடத்தில் குறி போட வேண்டும். எண் குறையக் குறையத் தயக்கம் அதிகம் என்று அர்த்தம். முடித்ததும் இரண்டு தாளையும் படியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மறுபடி அடிபடும் என்று பயமா என்ற கேள்வியில் அவள் குறி முப்பதுக்குப் பக்கத்தில் இருந்தது. என்னுடையது பத்தைக்கூடத் தொடவில்லை.

"உங்களுக்கு ஆறி ரெண்டு வருஷம் ஆச்சேக்கா," என்றாள். அதிர்ச்சியாகக் கேட்கவில்லை, சந்தேகம் தீர்த்துக்கொள்ளக் கேட்டாள்.

"ஆமா," என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு எதுவும் வரவில்லை. அவள் அன்று நிறையப் பேசினாள்.

சனிக்கிழமை மறுபடி போகிறேன். காலணி கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள்.